மூக்கடைப்பா, மூக்குச் சதையா? பாலிப் பற்றி ஒரு பாடம்



போன வருஷம் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப்ல நடந்த கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். டி.சி. ஷண்ட் மோட்டார், லோடு டெஸ்ட். பிரேக் டிரம்முக்குள்ள தண்ணி ஊத்த மறந்துட்டோம். ஸ்பிரிங் பேலன்ஸ் ரீடிங் எழுதிக்கிட்டு டிரம்முக்கு ஒரு அடி தள்ளி நின்னது நான்தான். பெல்ட் கருகுற நாத்தம் லேப் முழுக்கப் பரவி, கடைசி டேபிள் பசங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. லேப் அண்ணன் ஓடி வந்து சப்ளையை ஆஃப் பண்ணிட்டு, "ஏன் தம்பி, இவ்வளவு கிட்ட நிக்குற, உனக்கு நாத்தமே தெரியலையா?" என்று கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே தெரியலை.

அன்னிக்கு சாயங்காலம் ரூம்ல ஒரு சோதனை போட்டுப் பார்த்தேன். காபித்தூள், சோப்பு, ஊதுபத்தி, ரூம்மேட்டோட ஷூ. எதிலும் வாசனை இல்லை. ஒரு வருஷமா மூக்கு அடைச்சிருந்தது எனக்குத் தெரியும். "ஹாஸ்டல் தூசி", "ஏ.சி. ஒத்துக்கலை", "சைனஸ்டா மச்சி" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், நானும் நம்பிட்டேன். மெடிக்கல் ஷாப்ல வாங்கின சொட்டு மருந்து பாட்டில் பாக்கெட்லயே இருக்கும். வாசனை எப்போது போச்சு என்றுகூட எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் இ.என்.டி. டாக்டர் கருவியை மூக்குக்குள் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை: "ரெண்டு பக்கமும் பாலிப் இருக்குப்பா." அதற்கு அப்புறம் படித்ததையும் கேட்டதையும் அனுபவித்ததையும்தான் இந்தக் கட்டுரையில் தருகிறேன். இது டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் எப்போது போகணும், போனால் என்ன கேட்கணும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான்.

பாலிப் என்றால் என்ன?

நம் ஊரில் "மூக்குல சதை வளந்திருக்கு" என்பார்கள். ஆனால் அது தசை கிடையாது. மூக்குக்கும் சைனஸ் அறைகளுக்கும் உள்பக்கம் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டினது போல ஒரு ஈரமான சளிச்சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு நாள்பட்ட அழற்சியால் வீங்கி, நீர் கோத்து, எடை தாங்காமல் கீழே தொங்க ஆரம்பிப்பதுதான் பாலிப். பார்க்க எப்படி இருக்கும் என்றால், சின்ன நுங்குத் துண்டு மாதிரி: வெளிறிய சாம்பல் நிறம், வழுவழுப்பு, பாதி ஒளி ஊடுருவும். தொட்டால் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் அது வளர்வது நமக்குத் தெரிவதே இல்லை.

முக்கியமான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வரும் சாதாரண பாலிப் புற்றுநோய் கிடையாது. தொற்றிக்கொள்ளவும் செய்யாது. மக்கள்தொகையில் சுமார் 1 முதல் 4 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அதிகம், ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல். சின்னக் குழந்தைக்கு வந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்ற வேறு நோய் இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள்.

அவுட்லெட் மேலே இருக்கும் டேங்க்

பாலிப் ஏன் தொல்லை தருகிறது என்று புரிய, சைனஸோட டிசைனைக் கொஞ்சம் பார்க்கணும். முக எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், அதற்கும் பின்னால் ஆழத்தில் ஒரு ஜோடி. எல்லா அறையிலும் சளி உற்பத்தியாகி, சின்னத் துவாரங்கள் வழியாக மூக்குக்குள் வந்து, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும். நாம் கவனிப்பதே இல்லை.

இப்போ ஒரு கேள்வி. உங்க வீட்டு மாடியில் தண்ணி டேங்க் வைத்தால் அவுட்லெட்டை எங்கே வைப்பீர்கள்? கீழேதானே? கன்னத்து சைனஸில் அவுட்லெட் மேலே இருக்கிறது! நிமிர்ந்து நிற்கும்போது புவியீர்ப்பால் அது காலியாகாது. அதற்குப் பதிலாக அங்கே ஒரு பம்ப் ஓடுகிறது. சவ்வின் மேல் இருக்கும் நுண்மயிர்கள் வினாடிக்குச் சுமார் 10 தடவை அசைந்து, சளியைக் கன்வேயர் பெல்ட் மாதிரி மேல்நோக்கி அந்தத் துவாரத்துக்குத் தள்ளுகின்றன.

பழைய காலத்து அறுவை மருத்துவர்கள் நம்மைப் போலவே யோசித்தார்கள். "கீழே ஒரு ஓட்டை போட்டால் தானாக வடிந்துவிடும்" என்று சைனஸின் கீழ்ப்பகுதியில் துளை போட்டார்கள். பல பேருக்குப் பிரச்சினை தீரவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வேலை பார்த்த வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கீழே புது ஓட்டை இருந்தாலும், நுண்மயிர்கள் அதைத் தாண்டிச் சளியை மேலே இருக்கும் பழைய துவாரத்துக்கே கொண்டுபோகின்றன. புரோகிராம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் புது ஓட்டை போடாதே, பழைய வழியில் இருக்கும் அடைப்பை எடு. இன்றைய சைனஸ் அறுவையின் அடிப்படையே இந்த ஒரு வரிதான்.

பாலிப்கள் பெரும்பாலும் முளைப்பது கண்களுக்கு நடுவே உள்ள அந்தத் தேன்கூட்டு அறைகளின் பகுதியில். நெற்றி, கன்னம் இரண்டின் டிரெயினேஜும் வந்து சேரும் ஜங்ஷன் அதற்குப் பக்கத்தில்தான். ஜங்ஷன் அடைத்தால் எல்லா ரோட்டிலும் டிராஃபிக் ஜாம். சளி தேங்கும், தொற்று வரும், அழற்சி கூடும், பாலிப் இன்னும் வளரும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் படிக்கிற பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப் இதுதான்.

இந்த அழற்சி ஏன் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் முறுக்கேறி, ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் சவ்வுக்குள் குவிகின்றன. இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற வேதித் தூதுவர்கள்தான் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. ஆஸ்துமாவிலும் இதே கூட்டணிதான் வேலை செய்கிறது. அதனால் ஆஸ்துமா உள்ளவருக்குப் பாலிப் வருவதும், பாலிப் உள்ளவருக்கு ஆஸ்துமா இருப்பதும் அடிக்கடி நடக்கும். மூக்கும் நுரையீரலும் ஒரே பைப்லைனின் இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே உள்ள நான்கையும் உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள்:

1. மூக்கு அடைத்தே இருக்கிறதா?
2. மூக்கு ஒழுகுகிறதா, அல்லது சளி தொண்டைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே இருக்கிறதா?
3. வாசனை குறைந்திருக்கிறதா, அல்லது முழுசாகப் போய்விட்டதா?
4. கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே பாரமோ வலியோ இருக்கிறதா?

இதில் இரண்டாவது இருந்து, அவற்றில் ஒன்று அடைப்பு அல்லது ஒழுகலாக இருந்து, 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்ற சந்தேகத்தில் வைக்கிறார்கள். 12 வாரம் என்பது கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர். சாதாரண ஜலதோஷம் ஒரு செமஸ்டர் முழுக்க நீடிக்காது. பாலிப் உண்டா இல்லையா என்பதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அடைப்போடு வாசனையும் போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். வாசனை நரம்புகள் இருப்பது மூக்கின் கூரையில். காற்று அங்கே போய்ச் சேரவில்லை என்றால் நரம்புக்கு என்ன தெரியும்?

இவற்றோடு, குரல் மூக்கடைத்த மாதிரி மாறுவது, வாயால் மூச்சு விடுவது, குறட்டை, காலையில் வாய் வறண்டு எழுவது, பகலெல்லாம் தூக்கம் வருவது ஆகியவையும் சேரலாம். முதல் பீரியடிலேயே தூங்குகிறவன் எல்லாம் சோம்பேறி இல்லை, சிலருக்கு ராத்திரி மூச்சே சரியாகப் போயிருக்காது. (எல்லாரும் இதைக் காரணமா சொல்லிடாதீங்க, எச்.ஓ.டி. என்னைத் தேடி வருவார்.)

கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் சீரான ஓட்டம் 16-ல் ஒரு பங்காகக் குறையும் என்று படித்திருப்போம். மூக்கு உருண்டைக் குழாய் இல்லை, அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். சவ்வு சில மில்லிமீட்டர் வீங்கினாலே மூச்சு அவ்வளவு கஷ்டமாகிறது என்பதற்குக் காரணம் இந்த நான்காம் அடுக்கு.

வாசனை போவதை லேசாக எடுத்துக்காதீங்க. சமையல் கேஸுக்கு இயற்கையில் பெரிய வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வாசனை தெரியாதவருக்கு அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க வேஸ்ட். ரூமெடுத்து நான்கு பேர் சேர்ந்து சமைக்கிறவர்கள், கெமிஸ்ட்ரி லேப், வெல்டிங் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் யோசிக்க வேண்டிய விஷயம். உங்களுக்கு வாசனை தெரியவில்லை என்றால் கூட இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கண்ணாடி பார்த்து ஏமாறாதீங்க

இதைப் படித்ததும் போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு உருண்டை தெரியும். பயந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் டர்பினேட். எல்லோருக்கும் இருப்பது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அதன் வேலை. அலர்ஜி இருந்தால் வீங்கிப் பெரிதாகத் தெரியும். டர்பினேட் சிவப்பு, தொட்டால் கூசும். பாலிப் வெளிறியது, தொட்டால் பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது, லேசாக ஆடும். தொட்டுப் பார்க்கிற வேலையை டாக்டரிடமே விட்டுவிடுங்கள். பேனா, இயர்பட் எதையும் உள்ளே விடாதீர்கள்.

இன்னொரு குழப்பம்: "காலையில் இடது பக்கம் அடைச்சிருந்தது, மத்தியானம் வலது பக்கம் அடைக்குது." இது பலருக்கு இயற்கையாக நடப்பது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கின்றன. பாலிப் அடைப்பு இப்படி மாறி மாறி வராது, இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால்...

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிப் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் வருவது, ஒரு பக்கம் மட்டும் கெட்ட நாற்றமுள்ள சளி, கண் வீக்கம், இரண்டிரண்டாகத் தெரிவது, முகம் மரத்துப்போவது, குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் மாதிரி சொட்டுவது: இவற்றில் எது இருந்தாலும் "செமஸ்டர் முடியட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாது. ஒரு பக்கக் கட்டி சாதுவானதாகவும் இருக்கலாம். ஆனால் கட்டிகள், புற்று ஆகியவற்றையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு பக்க அடைப்போடு அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டினால், ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டி இருக்கலாம். அதனால்தான் பார்த்த உடனே கிள்ளி எடுத்துவிட முடியாது, முதலில் ஸ்கேன் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வருவதில், நம் வயசுக்காரர்களுக்கு வரும் இன்னொன்று ஆன்ட்ரோகோவானல் பாலிப். கன்னத்து சைனஸில் வேர் விட்டு, மூக்கைத் தாண்டி, தொண்டைப் பக்கம் வரை நீண்டு தொங்கும். மருந்துக்குக் கரையாது, அறுவையில் வேரோடு எடுக்கணும்.

மூன்றாவது, நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது: ரைனோஸ்போரிடியோசிஸ். உலகில் இந்நோய் அதிகம் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். தமிழ்நாட்டிலும் பார்க்கப்படுகிறது. குளம், குட்டையில் குளிப்பவர்களுக்கு, குறிப்பாக ஆடு மாடு குளிப்பாட்டும் தேங்கின தண்ணீரில் இறங்குபவர்களுக்கு வருவதாக நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். ஸ்ட்ராபெரி பழம் மாதிரி சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். முதலில் பூஞ்சை என்று நினைத்தார்கள். பூஞ்சைக்கும் விலங்குக்கும் நடுவில் கிளை பிரிந்த ஒரு நுண்ணுயிர் என்று மரபணு ஆய்வில் பின்னால் தெரிந்தது. வெட்டி எடுத்து, அடிப்பகுதியைச் சுட்டுவிடுவதுதான் சிகிச்சை. ஊர்ல குளத்துல குளிக்கிற பழக்கம் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தலைவலி மாத்திரை, ஒரு எச்சரிக்கை

பாலிப், ஆஸ்துமா இரண்டும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகாது. போட்ட சில மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து ஒழுகி, மூச்சிரைப்பு கடுமையாக வந்துவிடலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஃபெர்னான் விடால் 1922-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஹாஸ்டலில் ஒருத்தனுக்குத் தலைவலி என்றால் பக்கத்து ரூம்காரன் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுப்பது நம் பழக்கம். இனிமேல், "உனக்கு ஆஸ்துமா இருக்கா, மூக்குல சதை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முன்பு எப்போதாவது வலி மாத்திரை போட்டு இரைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் மூக்கை விரிக்கும் சின்னக் கருவி வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். அதில் பெரிய பாலிப் மட்டும்தான் தெரியும். பிறகு எண்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துவிட்டு, பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விடுவார். சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். வலி இல்லை, கூச்சமும் தும்மலும்தான். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். என் மூக்குக்குள்ளே இருந்ததை நானே திரையில் பார்த்தேன். கொஞ்சம் அருவருப்பு, நிறைய ஆச்சரியம்.

அந்தக் கருவி நம்மாட்கள் சாதனை என்பது தெரியுமா? பழைய எண்டோஸ்கோப்பில் நீளக் குழாய்க்குள் அங்கங்கே சின்ன லென்ஸ்கள், நடுவே காற்று. படம் இருட்டடித்துக் கிடக்கும். 1959-ல் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்ற இங்கிலாந்து இயற்பியலாளர் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் கண்ணாடித் தண்டுகளை நிரப்பி, நடுவே இருக்கும் மெல்லிய காற்று இடைவெளிகளையே லென்ஸ் மாதிரி வேலை செய்ய வைத்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. ஒரு ஆப்டிக்ஸ் டிசைன் மாற்றம் ஒரு முழு அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கிக் கொடுத்தது. அடுத்த முறை "இந்த பேப்பர் எதுக்குடா படிக்கிறோம்?" என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை தேவைப்படலாம் என்றாலோ, ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்தாலோ சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த அளவு விவரம் கிடைக்காது. அலர்ஜிப் பரிசோதனை, ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை, ஆஸ்துமா இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் சோதனை ஆகியவையும் தேவைக்கேற்பச் செய்யப்படும்.

சிகிச்சை: படிப்படியாக

முதல் படி, உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது. சுமார் 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு கால் முதல் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. அல்லது கடையில் கிடைக்கும் பாக்கெட். குனிந்து, வாயைத் திறந்துகொண்டு ஒரு பக்கத்தில் விட்டால் மறுபக்கம் வரும். ஆனால் குழாய்த் தண்ணீரை நேராக விடவே கூடாது. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குடித்தால் ஒன்றும் செய்யாத சில அமீபாக்கள் மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். 2024-ல் கேரளத்தில் சிறுவர்கள் மூளை தின்னும் அமீபாவால் இறந்த செய்தி ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது படி, ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மொமெட்டசோன், ஃப்ளூட்டிக்கசோன் போன்றவை. "ஸ்டீராய்டா? வேண்டாம்பா!" என்று வீட்டில் பயப்படுவார்கள். ஸ்ப்ரேயில் மருந்தளவு மைக்ரோகிராம் கணக்கு, ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். நம்மில் பலர் அதைத் தப்பாக அடிப்பதுதான் பெரிய பிரச்சினை. சரியான முறை இது:

1. முதலில் மூக்கைக் கழுவி, மெதுவாகச் சிந்துங்கள்.
2. தலையை லேசாக முன்னால் சாயுங்கள், அண்ணாந்து பார்க்காதீர்கள்.
3. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை.
4. நுனியை நடுச்சுவரைப் பார்த்து வைக்காமல், அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து வையுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் வரும்.
5. அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசந்தால் மருந்து மூக்கில் நிற்காமல் வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம்.

இது பாராசிட்டமால் மாதிரி அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய வாரங்கள் ஆகும். நான் முதல் தடவை பத்தாவது நாளே "வேலைக்கு ஆகலை" என்று நிறுத்திவிட்டு, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூக்கு திறந்த பிறகும் தொடரணும், ஏனென்றால் இது பாலிப் திரும்ப வராமல் தடுக்கும் மருந்தும்கூட.

மூன்றாவது, ஸ்டீராய்டு மாத்திரை. ஒன்று முதல் மூன்று வாரக் குறுகிய கோர்ஸில் பாலிப் வேகமாகச் சுருங்கும். வாசனை சில நாளிலேயே திரும்பலாம். ஆனால் நிறுத்தினால் பலருக்கு மறுபடி வளரும். அடிக்கடி எடுத்தால் சர்க்கரை, எலும்பு, கண், தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் பாதிக்கும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களாக மறுபடி வாங்குவது ஆபத்தான வேலை.

நான்காவது, அறுவை. இவற்றுக்கெல்லாம் அடங்காத பாலிப்புக்கும், பூஞ்சை அலர்ஜியால் களிம்பு மாதிரி சளி சைனஸில் அடைத்துக்கிடக்கும் வகைக்கும் எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் சைனஸ் அறுவை. சுருக்கமாக 'ஃபெஸ்' என்பார்கள். முகத்தில் வெட்டு, தையல் எதுவும் இல்லை. முழு மயக்கத்தில், சுழலும் பிளேடும் உறிஞ்சு குழாயும் சேர்ந்த ஒரு கருவியால் பாலிப்பை எடுத்து, இயற்கைத் துவாரங்களை விரிவாக்குவார்கள். ஒரு பக்கம் கண், அந்தச் சுவர் காகிதம் போல மெல்லியது. மேலே மூளை. அதனால் அபாயம் குறைவு என்றாலும் பூஜ்யம் இல்லை. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், அங்கே போய்க் காட்டுங்கள்.

"ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வருமாமே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பார்கள். வரலாம், உண்மைதான். அறுவை எடுப்பது பாலிப்பை, அழற்சி குணத்தை அல்ல. ஆனால் வழி திறந்த பிறகுதான் கழுவும் தண்ணீரும் ஸ்ப்ரேயும் உள்ளே போய்ச் சேர முடியும். அறுவைக்குப் பின் இந்த இரண்டையும் விட்டவர்களுக்குத்தான் சீக்கிரம் திரும்ப வரும்.

கடைசியாக, உயிரியல் ஊசி மருந்துகள். அந்த இன்டர்லூக்கின் தூதுவர்களையே தடுப்பவை. டுபிலுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2019-ல் பாலிப்புக்காக அனுமதி கிடைத்தது. கடுமையான, திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு நல்ல பலன். ஆனால் விலை நம் பர்ஸுக்கு ரொம்ப தூரம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து, அதாவது ஆக்ஸிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் வகை. போட்ட சில நிமிஷத்தில் சொர்க்கம். ஆனால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்கு மருந்து, மருந்தால் அடைப்பு. நான் மாட்டிக்கொண்ட வலை இதுதான். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் இதுவும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆவி பிடிப்பது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பாலிப்பைக் கரைக்காது. கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்துச் சுட்டுக்கொள்ளாதீர்கள். புதினா உப்பு, மென்தால் எல்லாம் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வைத் தருகின்றன. உள்ளே போகும் காற்று கூடுவதில்லை. சளி மஞ்சளாக இருக்கிறது என்று நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடவும் வேண்டாம்.

முடிப்பதற்கு முன்...

எனக்கு அறுவை வரை போகவில்லை. ஒரு குறுகிய மாத்திரை கோர்ஸ், தினமும் கழுவல், ஸ்ப்ரே. லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அடுப்புல பால் தீயுது!" என்று கத்தினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "டேய், உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டார். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் புரிந்தது.

இன்றும் ராத்திரி கழுவி, ஸ்ப்ரே அடித்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுகிறேன். பெரிய சிரமம் இல்லை, பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கு வேலை ஒன்று தருகிறேன். நாளைக்குக் காலையில் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால், கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் நல்லது, குடித்துவிட்டு கிளாஸுக்குக் கிளம்புங்கள். வரவில்லை, மூக்கும் மாசக்கணக்கில் அடைத்திருக்கிறது என்றால், இந்த வாரமே ஒரு இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். இன்டர்னல்ஸ் முடியட்டும் என்று நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம்.